பலகை நேரானால் இறக்கை நேராகும்

ஆரணிப் பட்டு வட்டாரத்தில் பாவின் அருமையை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பாவை விரித்துக் கட்டும்போதே இழைகள் எல்லாம் ஒரே இழுப்பில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் தளர்ந்துவிட்டால், தறியில் ஏறிய பிறகு எவ்வளவு கைதேர்ந்த நெசவாளராலும் அந்தக் குறையைத் துணியிலிருந்து முழுதாக எடுத்துவிட முடியாது. மாதிரி விமானத்தின் இறக்கையும் அப்படித்தான். கையில் பிடித்தபடி ஒட்டிவிட்டு, பிறகு வளைத்து நிமிர்த்தலாம் என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். இறக்கையின் நேர்மை அதை ஒட்டும் பலகையில் இருக்கிறது. பலகையில் இல்லாதது பிறகு வராது.

கொஞ்சம் முறுக்கினால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். ரைட் சகோதரர்கள் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துத் திருப்பியதே இறக்கை நுனிகளை முறுக்கித்தான். முறுக்கல் என்பதே ஒரு திசைதிருப்பும் கருவி; நாம் கேட்காமல் வந்த முறுக்கல், நாம் பிடிக்காத ஒரு கை. 150 மில்லிமீட்டர் அகல இறக்கையில் பின்விளிம்பு 2.6 மில்லிமீட்டர் விலகினாலே ஒரு டிகிரி முறுக்கல். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணமே சில டிகிரிதான் என்னும்போது ஒரு டிகிரி சிறிய பிழை அல்ல.

ஆகவே முதல் வேலை பலகை. குண்டூசி இறங்கும் மென்பலகையைத் தடித்த பிளாக்போர்டின் மேல் ஒட்டி, அசையாத மேசையில் வையுங்கள். ரசமட்டம் இருந்தால் நல்லது. ஆனால் முறுக்கலைக் காட்டுவதில் நூலை மிஞ்ச எதுவும் இல்லை. நான்கு மூலைகளிலும் ஒரே உயரக் கட்டைகளை வைத்து, மூலைக்கு மூலை இரண்டு நூல்களை இழுத்துக் கட்டுங்கள். நடுவில் அவை லேசாகத் தொட வேண்டும். பிறகு மேல்நூலைக் கீழாக்கிக் கட்டிப் பாருங்கள். ஒரு முறை இடைவெளி விட்டு, மறுமுறை ஒன்றை ஒன்று அழுத்தினால் பலகை முறுக்கியிருக்கிறது. பலகையின் அடியில் ஆப்பு வைத்துச் சரிசெய்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

அதன் மேல் வரைபடத்தை விரித்து, பசை ஒட்டாதபடி பாலிதீன் தாளால் மூடுங்கள். இனி மரம். பால்சா ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வாங்கிய கட்டைகளைச் சில நாள் அறைக்குள் காற்றாட விடுங்கள். இரண்டு பக்கத்துக்கும் எடையும் விறைப்பும் ஒத்த கட்டைகளாக ஜோடி சேருங்கள். இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்கு விலாக்களை ஒவ்வொன்றாக வெட்டாமல், இரண்டு பிளைவுட் அச்சுகளுக்கு நடுவே அடுக்கி இறுக்கி, உப்புத்தாளால் ஒன்றாகத் தேய்த்தால் எல்லாம் ஒரே உருவாகும். அடுத்து வருவதுதான் பலர் தவறும் இடம்: எந்தத் துண்டையும் வளைத்துத் திணிக்காதீர்கள். திணித்த துண்டு பசை காய்ந்த பிறகும் தன் பழைய நிலைக்கே போகப் பார்க்கும். குண்டூசியை எடுத்த மறுகணம் இறக்கை திரும்பும். பசையில்லாமல் முழுதும் பொருத்திப் பாருங்கள், இறுக்கமான வெட்டைத் தேய்த்துத் தளர்த்துங்கள், பிறகே ஒட்டுங்கள். ஃபெவிகால் நீர் கலந்தது. அகலத் தகட்டில் ஒரு முகத்தில் மட்டும் தடவினால் அந்த முகம் ஊதி வளையும். அளவாகத் தடவுங்கள்.

விலாக்களும், அவற்றை நீளவாக்கில் தாங்கும் ஸ்பாரும் மட்டும் உள்ள இறக்கை எளிதாக முறுக்கும். ஸ்பாரின் நடுத்தடுப்புகளை இழை செங்குத்தாக நிற்க ஒட்டி, முன்பகுதியை மேலும் கீழும் பால்சாத் தகட்டால் மூடினால் அது ஒரு பெட்டிக் குழாய் ஆகிறது. அதன் பிறகு முறுக்குவது மிகக் கடினம். அந்தப் பெட்டி மூடும் நொடியில் எந்த வடிவில் இருக்கிறதோ அதே வடிவில் உறைந்துவிடும். அதனால் கீழ்த்தகட்டை முதலிலேயே பலகையில் பதித்து அதன் மேல் கட்டி, மேல்தகட்டையும் குண்டூசிகள் எடுக்காமல் அங்கேயே ஒட்ட வேண்டும். கீழ்ப்புறம் பெரும்பாலும் தட்டையான கிளார்க்-ஒய் வடிவுக்கு இது எளிது. இருபுறமும் வளைந்த வடிவுக்கு விலாக்களின் அடியில் சம உயரக் கால்கள் விட்டு வெட்டி, முடிந்ததும் நறுக்கிவிடலாம்.

கட்டுப்பாட்டுப் பரப்புகளைச் சற்றே விலக்கி டிரிம் கொடுத்தால் சரியாகிவிடுமே என்பார்கள். சாதாரண வேகத்தில் அது குறையை மறைக்கும். தரையிறங்க வேகம் குறையும்போதோ, முன்விளிம்பு உயர முறுக்கிய பக்கம் முதலில் தூக்குவிசையை இழந்து, விமானம் அந்தப் பக்கமே கவிழும். தெர்மோகோலைச் சூட்டுக் கம்பியால் வெட்டலாமே என்றால், அதற்கும் இரு முனை அச்சுகளை ஒரே மட்டத்தில் நிறுத்த இதே பலகை வேண்டும். நுனியில் வேண்டுமென்றே முறுக்கல் வைப்பதுண்டே என்பது நியாயமான கேள்வி. அதே அகல இறக்கையில் நுனியின் பின்விளிம்பைச் சுமார் 5 மில்லிமீட்டர் உயர்த்தினால் 2 டிகிரி கிடைக்கும், விமானமும் நிதானமாக இறங்கும். அதற்கு உடற்பக்கம் ஒன்றுமில்லாமல் குறைந்துவரும் ஆப்பு ஒன்றைப் பெட்டி மூடும் முன்பே அடியில் வைக்க வேண்டும். இரு பக்கமும் அளவு ஒன்றாக இருக்க வேண்டும்.

மேலுறையும் இழுக்கும். ஃபிலிமானாலும், முன்னாளில் வழங்கிய பட்டுத் துணியானாலும், மேலும் கீழும் மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். பட்டென்றால் பாவு இறக்கையின் நீளவாக்கில் ஓடட்டும். முடித்ததும் மீண்டும் பலகையில் வைத்து, ஒவ்வொரு விலாவிலும் பின்விளிம்பின் உயரத்தை இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். மேலுறைக்கு முன், தகட்டை ஒட்டிய அன்றிரவே எடுத்துப் பார்க்கும் ஆசை வரும். எடுக்காதீர்கள், குண்டூசிகள் விடியும்வரை இருக்கட்டும்.