மிஷ்ரியும் வயிற்றுப் பிள்ளையும்: விக்ரோலித் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சிகரெட் பிடிப்பீர்களா?" என்று விக்ரோலியில் கர்ப்பிணிகளைக் கேட்டால் பெரும்பாலோர் "ஐயோ, இல்லவே இல்லை" என்பார்கள். அது பொய்யும் இல்லை. ஆனால் மும்பைப் பெண்களிடம் புகையிலை வருவது பெரும்பாலும் பல் தேய்க்கும் பொடியாகத்தான்.

முதல் படி: கணக்கெடுங்கள்

மிஷ்ரி, மஷேரி என்பதெல்லாம் புகையிலையைத் தவாவில் கருக வறுத்து இடித்த பொடி. காலையில் பல் விளக்க என்று ஆரம்பித்து, சாப்பிட்ட பின், மத்தியானம், படுக்கும் முன் என்று ஏறிவிடும். வெற்றிலையோடு அடக்கும் புகையிலை, சுண்ணாம்பு சேர்த்துக் கசக்கும் கைனி, குட்கா எல்லாமே இந்தக் கணக்கில் வரும். குட்காவுக்கு மகாராஷ்டிரத்தில் 2012 முதல் தடை இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை தரம், எந்தெந்த நேரம் என்று காலண்டரில் கோடு போட்டு வாருங்கள்.

இரண்டாம் படி: பிள்ளைக்கு என்ன ஆகிறது?

புகையே இல்லாவிட்டாலும் நிகோடின் ஈறு வழியாக ரத்தத்தில் கலந்து நஞ்சுக்கொடியைத் தாண்டிப் பிள்ளையிடம் போகிறது. ரத்தக்குழாய்களைச் சுருக்குவதால் பிள்ளைக்குச் சேரவேண்டிய ஊட்டமும் ஆக்சிஜனும் குறைகின்றன.

இதற்கு நம் மும்பையிலேயே ஆதாரம் உண்டு. பிரகாஷ் குப்தா, ஸ்ரீவித்யா என்ற ஆய்வாளர்கள் இங்கே 1217 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்து, 2004-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். வாயில் போடும் புகையிலையைப் பழகியிருந்தவர்கள் சுமார் 17 சதவீதம். அவர்களில் மிஷ்ரிக்காரர்களே அதிகம். புகையிலை பழகியவர்களின் பிள்ளைகள் மற்றவர்களின் பிள்ளைகளைவிடச் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து, ஆறு நாள் முந்திப் பிறந்தன. 105 கிராம் பெரிதா என்று கேட்கலாம். இரண்டரைக் கிலோவின் விளிம்பில் நிற்கும் பிள்ளைக்குப் பெரிதுதான். குறைமாதப் பிரசவமும் அவர்களிடம் கூடுதல். அதே பெண்களின் விவரங்களை வைத்து 2006-இல் வந்த கட்டுரை, பிள்ளை வயிற்றிலேயே இறந்து பிறக்கும் அபாயம் இரண்டரை மடங்குக்கு மேல் என்றது.

"பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம் ஆகும்" என்று சமாதானம் சொல்லும் பெரியவர்கள் உண்டு. ஆனால் எடை குறைந்த பிள்ளைக்குச் சூடு தங்காது, பால் இழுக்கத் தெம்பிருக்காது, தொற்று சீக்கிரம் பிடிக்கும்.

மூன்றாம் படி: நிறுத்துங்கள்

எந்த மாதத்தில் விட்டாலும் பலன் உண்டு. சீக்கிரம் விட்டால் கூடுதல் பலன். டப்பாவை வீட்டைவிட்டே வெளியேற்றிவிட்டு, சாதாரணப் பற்பசைக்கு மாறுங்கள். முதல் வாரம்தான் கடினம்: எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை. ஆசை எழும்பினால் சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை சோம்பு மெல்லலாம், தண்ணீர் குடிக்கலாம். பாக்கு மட்டும் வேண்டாம், அதுவும் பிள்ளைக்கு நல்லதல்ல.

மிஷ்ரி இல்லாமல் "வெளிக்குப் போகாது", மசக்கை வாந்தி நிற்காது என்று பயப்படுபவர்கள் பலர். மலச்சிக்கலுக்கும் வாந்திக்கும் கர்ப்பிணிகளுக்கேற்ற மருந்துகள் இருக்கின்றன, டாக்டரிடம் கேளுங்கள். கடையில் விற்கும் நிகோடின் சூயிங்கத்தை மட்டும் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

1800-11-2356 என்ற தேசிய எண்ணுக்கு அழைத்தால் கட்டணமில்லாமல் ஆலோசனை கிடைக்கும்.

நான்காம் படி: வீட்டுக்காரரின் பீடி

நீங்கள் விட்டாலும் அவர் பிடிக்கும் பீடியின் புகை உங்களிடம் வரும். பத்துக்குப் பத்து அறையில் "ஜன்னலோரம் நின்று பிடிக்கிறேன்" என்பதற்கு அர்த்தமே இல்லை. கீழே இறங்கிப் போகட்டும். மாமியாரும் மிஷ்ரிக்காரர் என்றால் அவருடைய டப்பாவும் கண்ணில் படாத இடத்துக்குப் போகவேண்டும். மருமகளை மட்டும் அதட்டும் வீட்டில் புகையிலையை விடுவது நடக்காது.

ஐந்தாம் படி: கூச்சப்படாமல் சொல்லுங்கள்

ராஜாவாடியோ சயானோ, எந்த ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்திருந்தாலும் முதல் பரிசோதனையிலேயே சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் புகையிலை பற்றிக் கேட்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தந்த பரிந்துரை. கூட்டத்தில் கேட்க மறந்தால், நீங்களே ஆரம்பியுங்கள்.

பிரசவத்துக்கு ஊருக்குப் போகிறவர்கள் தாய்-சேய் அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். அங்குள்ள நர்சம்மாவுக்கு மிஷ்ரி தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "வறுத்த புகையிலைப் பொடியில் பல் தேய்ப்பேன், இந்த மாதத்தில் விட்டேன்" என்று விளக்கிச் சொல்லுங்கள். பிள்ளை பிறந்த பின்னும் தொடவேண்டாம். நிகோடின் தாய்ப்பாலிலும் இறங்கும்.