ஆட்டம் வெறுத்துப்போனால்: நடன மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை, செங்கல் என நெய்யாற்றின்கரையை ஒட்டிய எல்லைக் கிராமங்களில் நடனம் படிக்கும் பிள்ளைகளின் ஆண்டு பெரும்பாலும் பள்ளிக் கலோத்சவத்தைச் சுற்றியே ஓடுகிறது. ஜூனில் பள்ளி திறந்ததும் புது உருப்படி தொடங்கும். ஓணம் கழிந்த கையோடு பள்ளி அளவிலான போட்டி, பிறகு உபஜில்லா, ஜில்லா, ஜனவரி வாக்கில் மாநிலப் போட்டி. அது முடிந்து மூச்சு விடுவதற்குள் மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி., பிளஸ் டூ தேர்வுகள் வந்துவிடும். ஏ கிரேடு வாங்கினால் பள்ளிக்கு ஐந்து புள்ளி, மாணவருக்கு கிரேஸ் மார்க். இதற்காக ஒரே பத்து நிமிட உருப்படியை மாதக்கணக்கில் ஆடும் பிள்ளைக்கு ஒரு கட்டத்தில் ஆட்டமே வெறுத்துப்போவதில் வியப்பில்லை. களியக்காவிளைக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்துக்கொண்டு இங்கே வகுப்புக்கு வருபவர்களுக்குக் கலோத்சவம் கிடையாது. ஆனாலும் வகுப்பு ஒன்றாக இருப்பதால் அந்த ஓட்டம் அவர்களையும் இழுத்துக்கொள்கிறது.

களைப்பா, வெறுப்பா என்று பிரித்தறிவதுதான் முதல் வேலை. பர்ன்அவுட் என்ற நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வேலை சார்ந்த ஒரு சிக்கலாக வரையறுத்தது. அதற்கு மூன்று அடையாளங்களைச் சொன்னது: தீராத அசதி, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். விளையாட்டு வீரர்களை ஆராய்ந்தவர்களும் ஏறக்குறைய இதே மூன்றையே கண்டிருக்கிறார்கள். நடன வகுப்பில் இவை கண்ணுக்குத் தெரியும் விதம் வேறு. சலங்கை கட்டுவதற்கே பத்து நிமிடம் ஆகும். கை போகும் இடத்துக்குக் கண் போகாது. முன்பு இரண்டு தடவையில் பிடிபட்ட ஜதி இப்போது பத்துத் தடவை சொல்லிக்கொடுத்தாலும் நிற்காது. பஸ் வருவது தெரிந்தும் நடை மெதுவாகும். வெறும் களைப்பு இரண்டு நாள் நன்றாகத் தூங்கினால் போய்விடும். வெறுப்பு ஓணம் விடுமுறை முழுதும் ஓய்வெடுத்தாலும் வகுப்பு தொடங்கும் நாளில் திரும்பி வந்து நிற்கும்.

ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரம் தினம் நான்கு விவரங்களை எழுதி வந்தால் படம் தெளிவாகும்: எத்தனை மணி நேரத் தூக்கம், எங்கே வலி, வகுப்புக்குப் போகும்முன் மனநிலை, முடிந்து வரும்போது மனநிலை. போகும்போது எரிச்சலும் திரும்பும்போது தெளிவும் இருந்தால் நடனத்தில் குறையில்லை, அட்டவணையில்தான் நெருக்கடி. திரும்பும்போதும் எரிச்சல் மிஞ்சினால் அடுத்து வரும் படிகள் தேவைப்படும்.

உடம்பைப் பார்க்காமல் மனதைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பள்ளி விட்டு நாலரை மணிக்கு வந்து, ஒரு சாயாவோடு ஆறு மணி வகுப்பில் அரைமண்டியில் நிற்கும் பிள்ளைக்கு உற்சாகம் எங்கிருந்து வரும்? வகுப்புக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் ஏத்தம்பழமும் முட்டையும், இல்லாவிட்டால் கஞ்சியும் பயறும், மரச்சீனியும் மீனும் என்று வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டாலே பாதி அசதி குறையும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் அளவு. டியூஷன், வகுப்பு, வீட்டுப்பாடம் மூன்றும் சேர்ந்தால் முதலில் வெட்டுப்படுவது இந்தத் தூக்கம்தான்.

தரையையும் கவனிக்க வேண்டும். வீட்டு டைல்ஸிலும் மொட்டைமாடிக் கான்கிரீட்டிலும் முழு வேகத்தில் தட்டினால் அடியின் அதிர்ச்சி முழுவதும் கணைக்காலுக்கும் முழங்காலுக்கும் ஏறும். வீட்டுப் பயிற்சியில் மூன்றாம் காலத்தைத் தவிர்த்து, ரப்பர் விரிப்பின் மேல் மெதுவாகத் தட்டிப் பழகினால் போதும். கணைக்கால் எலும்பில் விரலால் அழுத்தும் ஒரே இடத்தில் சுள்ளென்ற வலி, இரவில் படுத்த பிறகும் விடாத வலி, மூன்று மாதமாக வராத மாதவிடாய், படி ஏறினாலே மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரிடம் போக வேண்டும். பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ நெய்யாற்றின்கரை பொது மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். சோம்பல் என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இரத்தசோகை.

அடுத்த படி பேச்சு. பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். மேடைக்கு முந்திய வாரத்தில், அழுதுகொண்டே, “எனக்கு இனி வேண்டாம்” என்று சொன்னால் எந்த ஆசிரியரும் தற்காப்புக்குத்தான் போவார். வகுப்பு முடிந்து மற்றப் பிள்ளைகள் போன பிறகு, அம்மாவையோ அக்காவையோ உடன் வைத்துக்கொண்டு, கேட்பதை அளந்து கேட்க வேண்டும். “டீச்சர், இந்த மாசம் புது உருப்படி வேண்டாம். பழைய அடவு மட்டும் செய்யட்டா? அடுத்த மாசம் முதல் தேதிக்கு வந்து சொல்றேன்” என்பது போல, தேதியோடு கேட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். பெற்றோரிடம் பேசும்போது பணம் குறுக்கே வரும். உடுப்பு, ஆபரணம், மேக்கப், பாட்டுப் பதிவு என்று செலவழித்த குடும்பம் தயங்குவது இயல்பு. போன பணம் போனதுதான், இந்த ஆண்டு இனிமேல் ஆகும் செலவை மட்டும் கணக்குப் பார்க்கலாம் என்று யாராவது பெரியவர் எடுத்துச் சொன்னால் பேச்சு வேகமாக முடியும்.

ஓய்வு கிடைத்தால் அது முழு ஓய்வாக இருக்க வேண்டும். இரண்டு, மூன்று வாரம் சலங்கையை எடுக்காமல், பதிவு செய்த பாட்டைக் கேட்காமல், மற்றவர்களின் ரீல்ஸைப் பார்க்காமல் இருப்பது அது. பழக்கம் விட்டுப்போகும் என்ற பயம் ஆசிரியர்களுக்கும் உண்டு, மாணவர்களுக்கும் உண்டு. 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, ஆறு வாரக் கோடை விடுமுறை எடுத்த தொழில்முறைப் பாலே கலைஞர்களின் உடல் வளைவும் கால் பலமும் விடுமுறைக்குப் பிறகு கூடியிருந்ததைக் காட்டியது. பருவம் முழுக்க இடைவிடாமல் ஆடியதால் உடம்பு கீழே இறங்கியிருந்தது என்பதே அதற்கான விளக்கம்.

ஓய்வு என்பது இந்த ஊர் மரபுக்குப் புதியதும் அல்ல. நவராத்திரிக்கு முன்பு ஆண்டுதோறும் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் போகும் பாதை களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான். அந்த நவராத்திரியில், துர்காஷ்டமி மாலையில் புத்தகத்தையும் வாத்தியத்தையும் சலங்கையையும் பூஜைக்கு வைத்தால் விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். நடுவில் படிப்பும் இல்லை, பயிற்சியும் இல்லை. போட்டிக் காலத்தில் அந்த நாட்களில்கூட ரகசியமாக ஒத்திகை வைக்கும் வழக்கம் வந்திருப்பது நல்லதல்ல.

திரும்பி வருவதில் அவசரம் கூடாது. முதல் வாரம் நாளுக்கு இருபது நிமிடம், சலங்கை இல்லாமல், கண்ணாடி இல்லாமல், போன் பதிவு இல்லாமல் தட்டடவும் நாட்டடவும் முதல் இரண்டு காலங்களில் மட்டும் செய்தால் போதும். தாளத்தை வாயால் சொல்லிக்கொண்டு ஆடினால் கவனம் தானே உள்ளே திரும்பும். இரண்டாவது வாரம் அலாரிப்பு. மூன்றாவது வாரத்தில் மாணவரே தேர்ந்தெடுக்கும் ஏதாவது ஒன்று, அது சின்ன வயதில் ஆடிய பாட்டாக இருந்தாலும் சரி. வெறுப்பை உண்டாக்கிய போட்டி உருப்படி கடைசியில்தான் வர வேண்டும். நேரத்தைக் கூட்டும்போது வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்கு அளவில் கூட்டினால் வலி திரும்பும் வாய்ப்பு குறையும். முட்டி வலித்தால் ஒரு வாரம் பின்னால் போய்த் தொடங்க வேண்டும்.

உடம்பு தேறிவிட்டாலும் ஆசை தானாக வந்துவிடாது. அதற்குத் தனியாக உழைக்க வேண்டும். ஏழெட்டு மாதம் ஆடிய பாட்டின் பொருள் தெரியாமலேயே ஆடும் பிள்ளைகள் ஏராளம். எல்லைப் பகுதியில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், வர்ணமோ தெலுங்கில், சுலோகமோ சமஸ்கிருதத்தில். “தலைவி ஏங்குகிறாள்” என்ற ஒரே வரி விளக்கத்தை வைத்துக்கொண்டு முகத்தில் என்ன வரும்? பாட்டை ஒரு தாளில் தன் கையால் எழுதி, சொல்லுக்குச் சொல் பொருள் கேட்டு, யார் யாரிடம் எப்போது சொல்கிறார் என்று புரிந்துகொண்டால் அபிநயத்துக்குப் புது உயிர் வரும்.

இந்த மண்ணுக்கு நெருக்கமான பாட்டுகளும் கையருகே இருக்கின்றன. பரதநாட்டியக் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு, திருவிதாங்கூரில் சுவாதித் திருநாள் அரசவையில் இருந்தவர். சுவாதித் திருநாளும் இரயிம்மன் தம்பியும் எழுதிய பதங்கள் இன்றும் மோகினியாட்டத்தின் முதுகெலும்பு. பத்மநாபபுரத்தில் வாழ்ந்த நீலகண்ட சிவன் (1839–1900) தமிழில் பாடியவர். அவருடைய ‘ஆனந்த நடமாடுவார்’ நடராசரின் ஆட்டத்தைப் பற்றியது, பூர்விகல்யாணி ராகத்தில் அமைந்தது, பரதநாட்டிய மேடையில் பலகாலமாக ஆடப்படுவது. வீட்டில் பேசும் மொழியில் உள்ள பாட்டை, நடுவர் யாரும் இல்லாமல், உட்கார்ந்தபடி முகத்தாலும் கையாலும் மட்டும் செய்து பார்ப்பது மாலையில் அரை மணி நேரத்துக்கு நல்ல பயிற்சி.

பார்ப்பதும் பயிற்சியே. பத்மநாபபுரம் அரண்மனை நவராத்திரி மண்டபத்தின் கல்தூண்களுக்கு நடுவே கண்ணாடிபோல் மின்னும் தரையில் ஒரு காலத்தில் இசையும் நடனமும் நடந்தன. களியக்காவிளையிலிருந்து தக்கலை போகும் வழிதான். திங்கள் தவிர மற்ற நாட்களில் போகலாம். எதிர்த் திசையில் வட்டியூர்க்காவில் குரு கோபிநாத் நடனகிராமமும் அங்கேயுள்ள நடன அருங்காட்சியகமும் இருக்கின்றன. திருவனந்தபுரம் கனகக்குன்றில் நடக்கும் நிசாகந்தி விழாவில் பெரிய கலைஞர்கள் முழுக் கச்சேரி ஆடுவதைக் காணலாம். பத்து நிமிடத்துக்குள் எல்லா வித்தையையும் திணிக்காமல் ஒரு பதத்தை நிதானமாக விரிக்கும் ஆட்டத்தை ஒருமுறை நேரில் பார்த்த பிள்ளைக்குப் போட்டி உருப்படியின் அளவு என்ன என்பது தானே புரிந்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுப்பது, தட்டுக்கழி பிடிக்கக் கற்பது, ஊர்க் கோயில் திருவிழா மேடையில் மார்க் இல்லாமல் ஆடுவது ஆகியவையும் பலருக்குக் கைகொடுத்திருக்கின்றன.

கடைசியாகப் போட்டியைப் பற்றி ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். பரதநாட்டியம், மோகினியாட்டம், குச்சிப்புடி, நாடோடி நிருத்தம் என்று ஒரே பிள்ளையைப் பலவற்றில் இறக்குவது இந்த வெறுப்பை உண்டாக்கும் முக்கியக் காரணங்களில் ஒன்று. மோகினியாட்டத்தின் மென்மையான அசைவும் குச்சிப்புடியின் துள்ளலும் ஒரே வாரத்தில் ஓர் உடம்பில் ஒழுங்காகத் தங்குவதில்லை. ஓர் ஆண்டுக்கு ஒரு நடனம் போதும். தேர்வு எழுதும் ஆண்டில் போட்டியே வேண்டாம் என்று விட்டாலும் குற்றமில்லை. கிரேஸ் மார்க் வேண்டுமானால் அது எந்தப் படிப்புக்கு எவ்வளவு உதவும் என்று அந்த ஆண்டின் விதியைப் பள்ளியில் கேட்டுத் தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும்.

தூக்கமின்மை, காரணமில்லா அழுகை, சாப்பாட்டை வெறுப்பது, உயிர் வாழ்வதே வீண் என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் அது நடனத்தோடு நிற்கும் சிக்கல் அல்ல. மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416. தமிழ் உட்படப் பல மொழிகளில் இலவசமாகப் பேசலாம். கேரளத்தில் திசா உதவி எண் 1056-ம் உண்டு. வகுப்பில் அடி, உடல் எடையைப் பற்றிய கேலி, வேறு அத்துமீறல் ஏதாவது நடந்திருந்தால் ஓய்வெடுத்தால் சரியாகும் என்று காத்திருக்கக் கூடாது. சிறுவர் உதவி எண் 1098-ஐ அழைத்துவிட்டு வகுப்பை மாற்ற வேண்டும்.

இத்தனையும் செய்து ஆறு மாதம் கழித்தும் வகுப்பு நாளில் வயிறு கலங்குகிறது என்றால் நடனத்தை விடலாம். கற்ற தாளமும் பாட்டும் நட்டுவாங்கத்துக்கோ வாய்ப்பாட்டுக்கோ உதவும். மறுபடி ஆட வேண்டும் என்று தோன்றினால் எந்த வயதிலும் விஜயதசமி அன்று சேரலாம். முதிர்ந்தவர்களைச் சேர்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இந்தப் பக்கத்திலும் இருக்கிறார்கள்.