அரபுச் சொற்களும் ஆங்கில ஒலித்திரிபும்

வடசொல் தமிழுக்கு வருங்கால் வடவெழுத்தை நீக்கி வருதல் வேண்டும் எனத் தொல்காப்பியர் எச்சவியலில் விதித்தார். அவ்விதியை அறியாத ஐரோப்பிய நாவும் அரபுச் சொற்களிடத்து அதனையே செய்தது. இதனைச் சிதைவு என்று இகழ்தல் பொருந்தாது.

வெறுமை எனப் பொருள்படும் 'ஸிஃப்ர்' என்னும் சொல்லை நோக்குக. முதலெழுத்தாகிய ஸாத், பின்னா உயர அழுத்தி ஒலிக்கப்படுவது. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு இடமில்லை. 1202இல் பிபனாச்சி தம் கணித நூலில் இதனை 'ஸெஃபிரும்' என எழுதினார். இத்தாலியில் அது தேய்ந்து 'ஸீரோ' ஆயிற்று. அதே சொல் இலத்தீன், பிரெஞ்சு வழியே 'சைஃபர்' எனவும் ஆங்கிலம் புகுந்தது. ஒரு தாய்க்கு இரு மக்கள்!

'அமீர்' என்பதனோடு 'அல்' ஒட்டியதே 'அட்மிரல்'. இடையிலுள்ள டகரம் அரபில் இல்லை; வியத்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் சாயலால் நுழைந்தது.

'நாரஞ்ச்' என்பதோ முதலெழுத்தை இழந்தது. 'ஒரு' எனப் பொருள்படும் முன்சொல்லின் ஈற்று னகரத்தோடு மயங்கி நகரம் மறைந்தது என்பர். ஸ்பானியத்தில் அந்நகரம் இன்றும் உண்டு. அரபு இச்சொல்லைப் பாரசீகத்திடமும், பாரசீகம் வடமொழியிடமும் பெற்றன. வடமொழிக்கு ஈந்தது திராவிடம் என்பது அறிஞர் பலர் கருத்து. நம் நாரத்தையையும் மலையாள நாரங்ஙாவையும் மாணவர் உடன்வைத்து ஒலித்துப் பார்க்கலாம். நகரம் இழந்து திரும்பிய வடிவத்தையே கடைத்தெருவில் 'ஆரஞ்சு' எனக் கேட்டு வாங்குகிறோம்.