லா பாஸ் ஆசை, லே டிக்கெட்

மொரப்பூர் ஸ்டேஷனில் நின்றுகொண்டு லா பாஸ் போக ஆசைப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பொலிவியாவின் அரசு நடக்கும் ஊர் அது. 3,600 மீட்டர் உயரம். வீட்டுக் கூரைகளுக்கு மேலே ரோப் கார் ஊர்ந்து போகிற படத்தைப் பார்த்த நாளிலிருந்து பித்து. கணக்குப் போட்டுப் பார்த்தேன். டிக்கெட் காசில் இரண்டு கறவை மாடு பிடித்துவிடலாம். "அதே உயரத்துல லே இருக்குதேப்பா" என்றான் மகன். 2019இல் யூனியன் பிரதேசமான லடாக்கின் தலைநகரங்களில் ஒன்று. சுமார் 3,500 மீட்டர். நம் ஏற்காடு 1,500தான்.

காசு மிச்சமானது டெல்லி வரை ரயிலில் போனதால். இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியுமுன் சென்னை. அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். விமானம் டெல்லி–லே மட்டும், ஒன்றேகால் மணி நேரம். ஜூன், ஜூலையில் விலை ஏறிக் கிடக்கும். செப்டம்பர் நடுவில், வாரநாளாகப் பார்த்து இரண்டு மாதம் முன்பே போட்டதில் ஓரளவு மலிவாகக் கிடைத்தது. லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையில்தான். மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கில் காற்று முரண்டு பிடிக்கும். அதனால் முதல்நாள் இரவே டெல்லி வந்துவிட வேண்டும். எந்த டெர்மினல் என்பதை டிக்கெட்டில் இரண்டு முறை பாருங்கள், ஒன்றுக்கொன்று தூரம்.

ரயிலில் காசை மிச்சம் பிடித்த புத்தி, லேயில் நாளையும் மிச்சம் பிடிக்கப் பார்த்தது. அங்கேதான் தப்பு. காற்றழுத்தம் அங்கே கடலோரத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு இழுக்கிறோம், பிராணவாயு பத்துவதில்லை. விமானத்தில் போனால் உடம்புக்குப் பழக நேரமே இல்லை. தங்கியிருந்த வீட்டு அம்மா, "இரண்டு நாள் படுத்திருங்கள்" என்று இந்தியில் சொன்னார். என் வீட்டுக்காரி போர்வைக்குள் போய்விட்டாள். நானோ அன்று மதியமே லே அரண்மனைக்கு ஏறினேன். ஒன்பது மாடி, பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடம். மேலே நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. ராத்திரி தலையைச் சம்மட்டியால் அடித்த மாதிரி வலி, இரண்டு முறை வாந்தி. இரண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் மூன்று நாள் படுத்தேன்.

இந்த உயரக் கோளாறைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை தேவையா என்று ஊரிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ தூங்கிப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது. உடனே ஆஸ்பத்திரி, முடிந்தால் கீழிறங்குவது. 4,200 மீட்டருக்கு மேலே உள்ள பாங்காங் ஏரியைப் பயணத்தின் கடைசிக்குத் தள்ளிவையுங்கள். இன்னொன்று: நம் ப்ரீபெய்டு சிம் அங்கே ஊமை. போஸ்ட்பெய்டு வேண்டும்.

திரும்பும் நாள் காலையில் மேகம் இறங்கி விமானம் ரத்து. அடுத்த நாள்தான் போக முடியும் என்றார்கள். டெல்லி ரயிலுக்கு ஒரு நாள் இடைவெளி விட்டுத்தான் டிக்கெட் போட்டிருந்தேன் (மகன் பிடிவாதம், என் சமர்த்து இல்லை), அதனால் தப்பித்தோம். பக்கத்து அறைக்காரர்களுக்கு அன்று இரவே ரயில். அந்த டிக்கெட் போனது போனதுதான்.

கூடக் கிடைத்த அந்த நாளில் வீட்டு அம்மா 'பாபா' கிண்டினார். வறுத்த பார்லி, பட்டாணி மாவைக் கொதிநீரில் கொட்டி உருட்டுவது. தொட்டுக்கொள்ள, கீரை கலந்த மோர். என் வீட்டுக்காரி ஒரு வாய் பிட்டுப் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, இது நம்ம களிதாங்க" என்றாள். "இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்?"

இரண்டாவது உருண்டையும் வாங்கிக்கொண்டாள்.