தகரக் கொட்டகையும் தொலைபேசி அலையும்

அன்புள்ள பேத்திக்கு,

அமிர்தியில் உன் தகப்பனார் ஷூ அப்பர் தைப்பதற்காக எழுப்பியிருக்கும் புதிய ஷெட்டுக்குள் நுழைந்த மாத்திரத்தில் கைபேசி பேச்சை நிறுத்திவிடுகிறது என்றும், வாசலில் இறங்கி நின்றால் அதே கைபேசி தெளிவாகப் பேசுகிறது என்றும், ஆன்லைனில் விற்கும் ‘பூஸ்டர்’ ஒன்றை வாங்கி மாட்டினால் போதும் எனத் தெரிந்தவர்கள் சொல்வதாகவும் எழுதியிருக்கிறாய். பிளஸ் டூவில் இயற்பியல் பயிலும் நீ, வாங்குவதற்கு முன் காரணத்தைக் கேட்டாயே, அது எனக்குப் பரம திருப்தி.

வாசலில் பேசும் கருவி உள்ளே பேச மறுக்குமானால் குறை டவரினுடையதன்று, கட்டடத்தினுடையது. தெற்கே ஜவ்வாது மலை எழுந்து நிற்கும் அந்த அடிவாரத்துக்கு வந்து சேரும் அலை மெலிந்ததுதான் என்றாலும், அது உன் வாசல் வரையில் வந்துவிட்டது; அதற்கு மேல் அதைத் தடுப்பது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் கனமே உள்ள ஓர் உலோகத் தகடு. மைக்கேல் பாரடே 1836ஆம் ஆண்டில் ஓர் அறையளவு பெரிய கூண்டைச் செய்து, அதை உலோகத்தால் போர்த்தி, வெளிப்புறத்தில் வன்மையான மின்சாரத்தை ஏற்றிவிட்டுத் தாம் உள்ளே சென்று நுட்பமான கருவிகளால் சோதித்தபோது, உட்புறத்தில் மின்சாரத்தின் விளைவு சிறிதும் தென்படவில்லை. உலோகத்தில் கட்டுப்படாது உலவும் எலெக்ட்ரான்கள், வந்து மோதும் அலையின் விசைக்கேற்ப அசைந்து, அந்த அசைவினாலேயே அலையைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. கைபேசியின் 900 மெகாஹெர்ட்ஸ் அலை அலுமினியத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழம் இறங்குவதற்குள் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது என்றால், கூரைத் தகட்டின் உலோக மேற்பூச்சே அதற்குப் போதும் என்பது உனக்கு விளங்கும்.

செங்கல்லின் சுபாவம் வேறு. 1895இல் ஜகதீச சந்திர போஸ் கல்கத்தா டவுன் ஹாலில் காட்டிய பரிசோதனையில், அவர் எழுப்பிய நுண்ணிய அலைகள் சுவர்களை ஊடுருவிச் சென்று அப்பாலிருந்த மணியை ஒலிக்கச் செய்தன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ஓட்டுக் கூரையும் செங்கற்சுவரும் காற்றோட்டமான மேல்தளமும் கொண்ட பழைய தோல் ஷாப்புகளுக்குள் கைபேசி பேசுவதும், அவற்றை அடுத்து எழும்பிய தகட்டு ஷெட்டுகளுக்குள் பேசாமல் போவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

இனி, திறப்பு எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்பாய். அலையின் நீளத்தைக் கணக்கிட்டுக்கொள். 900 மெகாஹெர்ட்ஸுக்கு அது 33 சென்டிமீட்டர், 2300க்கு 13, 5ஜி பயன்படுத்தும் 3500க்கு எட்டரை. திறப்பின் அகலம் அலைநீளத்தில் பாதிக்கும் குறைந்தால் அலை தாராளமாக நுழையாது. ஆகையால் ஜன்னலில் நெருக்கமான கம்பி வலையை அடித்துவிட்டு, ‘திறந்துதானே இருக்கிறது’ என்று ஆறுதல் கொள்வது பயனற்றது. வெளிச்சத்துக்காகக் கூரையில் பொருத்துகிறார்களே பாலிகார்பனேட் ஷீட், அது அலைக்கும் வழிவிடும். டவர் இருக்கும் திசையை நோக்கிய பக்கச் சுவரில், தையல் மெஷின்களின் வரிசைக்குச் சற்று மேலே, அத்தகைய ஷீட்டை நீளமாக ஒரு பட்டையாகப் பதித்துவிட்டால், பகல் விளக்குச் செலவும் குறையும். டவர்கள் எங்கெங்கே உள்ளன என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் பார்த்துக்கொள்ளலாம். வெயிலைத் தணிக்கக் கூரைக்கடியில் ஒட்டப்படும் வெள்ளிநிறத் தாள் மட்டும் அந்தப் பட்டையின் குறுக்கே வராமல் பார்த்துக்கொள், அதுவும் உலோகமே.

இந்த வழியையே முதலில் செய்யும்படி நான் வற்புறுத்துவதற்கு ஒரு நியாயம் உண்டு. உள்ளே தைக்கும் பெண்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கம்பெனியின் சிம் வைத்திருப்பார்கள். பள்ளியிலிருந்து பிள்ளையைப் பற்றி அழைப்பு வரும், மலைக்கிராமத்திலிருந்து பெற்றவர்களைப் பற்றிச் செய்தி வரும். கருவியை மாட்டினால் முதலாளியின் மேஜைக்கு மட்டும் நன்மை விளைந்து நின்றுவிடலாம். சுவரைத் திறந்தாலோ எல்லோருடைய கைபேசிக்கும் ஒரே விதமாக வழி பிறக்கிறது. ஆபத்து வேளையில் அவசர எண் 112க்கு அழைத்தால் கைபேசி தன் கம்பெனியின் அலை கிட்டாதபோது கிடைக்கும் வேறெந்தக் கம்பெனியின் அலையையும் பற்றிக்கொள்ளும். ஆனால் தகடு எல்லா அலைகளையும் ஒருங்கே தடுத்துவிட்டால் அந்தச் சலுகையும் வீணாகிறது. வேலூர் 25 கிலோமீட்டர் தொலைவு. அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ் போய்ச் சேரவேண்டிய இடத்தில், அழைப்பதற்காக ஒருவர் வாசலுக்கு ஓடவேண்டிய நிலை இருத்தலாகாது.

திறந்த பின்பும் போதாவிட்டால் வெளியிலிருந்து கம்பி வழியே கொண்டுவா. கைபேசியின் அமைப்புகளில் ‘சிம் நிலை’ என்ற பகுதியில், அலையின் வலிமையைக் காட்டும் டிபிஎம் எண்ணைப் பார். திரையில் தெரியும் கோடுகளை நம்பாதே, அவற்றை ஒவ்வொரு கம்பெனியும் தன் விருப்பப்படி வரைகிறது. மைனஸ் 85 என்பது நலம். மைனஸ் 115 என்பது முடிவெல்லையை நெருங்கியது. 10 எண் குறைந்தால் சக்தி பத்திலொன்றாகிறது. கூரைக்கு மேல் கம்பத்தில் எங்கே எண் உயர்கிறதோ அங்கே, வெளியில் வைப்பதற்கென்றே செய்த 4ஜி ரவுட்டரைப் பொருத்தி, டவர் திசைக்குத் திருப்பி, ஈத்தர்நெட் கேபிளை ஒரு துளை வழியாக உள்ளே இழுத்து வைஃபை கொடுத்தால், வைஃபை வழியாகப் பேசும் வசதி கொண்ட கைபேசிகள் டவரின் அலை உள்ளே எட்டாவிட்டாலும் பேசும். ஏர்டெல் இதை 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் தொடங்கின. டி.வி. ஆன்டெனாவின் பழைய கோஆக்ஸ் கேபிளை அலைக்கு உபயோகிக்காதே. பத்து மீட்டருக்குள்ளேயே அது மூன்றிலொரு பங்கு சக்தியைத் தின்றுவிடும். ஈத்தர்நெட் கேபிளோ 100 மீட்டர் வரை தகவலைச் சேதமின்றிக் கொண்டுவரும். பஞ்சாயத்து வரை அரசின் பாரத்நெட் ஃபைபர் வந்திருந்து, அதிலிருந்து இணைப்புக் கிடைக்குமானால் அது இதனினும் மேலானது.

பூஸ்டரைப் பற்றி: அனுமதியின்றி அதை வைத்திருப்பது 1933ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டக் காலத்திலிருந்தே குற்றம், 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அனுமதி இல்லாத ரேடியோ சாதனத்தைத் தண்டிக்கிறது. வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்டுவிட்டால், திருவிழாப் பந்தலில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே நீட்டியது போல அது ஊளையிட்டு, சுற்றுவட்டாரத்து டவரையே குழப்பிவிடும். பக்கத்து வீட்டாரின் அழைப்பு அறுந்தால், காரணம் உங்கள் ஷெட் என்பது அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. கடைக்காரர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம், கண்ணு.

கம்பம் நட்டால் அதைத் தரையில் எர்த் செய்யாமல் விடாதே; கோடை மாலைகளில் மலைமேல் எழும் இடியை நீ அறிவாய். ரவுட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வைக்கச் சொல், மின்சாரம் போன வேளையில்தான் தொலைபேசி அதிகம் வேண்டியிருக்கும். ஷெட்டின் நான்கு மூலைகளிலும், நடுவிலும், வாசலிலும், கூரையின் மேலும் டிபிஎம் எண்ணைக் குறித்து, ஜன்னல்களின் அளவையும் டவரின் திசையையும் ஒரு தாளில் வரைந்து அனுப்பு. பட்டையை எந்தச் சுவரில் வைப்பது என்பதை அதைப் பார்த்து எழுதுகிறேன்.

அன்புடன்,
தாத்தா