கர்ப்பகாலச் சலரோகமும் நம் வீட்டு அடுப்படியும்

தவக்காலத்து ஞாயிறொன்றில் திருப்பலி முடிந்ததும் ஓர் இளந்தாய் தம் மாமியாருடன் எம்மிடம் வந்தார். ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் சோதித்துச் சலரோகம் என்று சொல்லிவிட்டார்களாம். அன்று முதல் சோற்றை அடியோடு விட்டு, காலைச் சாப்பாட்டையும் ஒருசந்தியாக ஒப்புக்கொடுத்து வருவதாகச் சொன்னார். மாமியாரோ, "சுவாமி, இவள் வயிற்றுப் பிள்ளையைப் பட்டினி போடுறாள். இரண்டு உயிருக்கெல்லோ சாப்பிடவேணும், நீங்களாவது சொல்லுங்கோ" என்று முறையிட்டார். இருவரும் பிள்ளையின் நன்மையையே நாடினர். இருவரிடமும் பிழை இருந்தது. கோவில் வாசலில் நின்றபடி முழுவதும் விளக்க முடியாமற்போன விடயத்தை ஈண்டு எழுதுகிறோம்.

இந்நோய் எதனால் வருகிறது? மருத்துவர்கள் சூல்வித்தகம் என்றும், நம் தாய்மார் இளங்கொடி என்றும் சொல்லும் உறுப்பு, பிள்ளையை வளர்ப்பதற்கெனச் சில ஓமோன்களைச் சுரக்கிறது. அவை தாயின் இன்சுலினை முழுவதும் வேலைசெய்ய விடுவதில்லை. ஐந்தாம் ஆறாம் மாதங்களில் இத்தடை வலுக்கிறது. பெரும்பாலான தாய்மாரின் சதையி கூடுதலாக இன்சுலின் சுரந்து ஈடுசெய்துவிடும். அவ்வாறு ஈடுசெய்ய முடியாதவரின் குருதியிற் சீனி ஏறுகிறது. ஆகவே, "நான் இனிப்புத் தின்றுதான் வந்தது" என்று எந்தத் தாயும் தன்னை நொந்துகொள்ள வேண்டியதில்லை. தென்னாசிய இனத்தவரான எமக்கு இந்நோய் வரும் வாய்ப்புக் கூட என்பதும் அறியப்பட்ட உண்மை.

24ஆம் கிழமைக்கும் 28ஆம் கிழமைக்கும் இடையில் 75 கிராம் குளுக்கோசு கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சோதிப்பது இதற்காகவே. வெறுவயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டு மணித்தியாலத்தில் 153 மில்லிகிராம் என்னும் அளவுகளில் ஒன்றையேனும் எட்டினால் கர்ப்பகாலச் சலரோகம் என உலக சுகாதார நிறுவனம் 2013இல் வகுத்தது. தாயின் சீனி இளங்கொடியைக் கடந்து பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. பிள்ளை தானே அதிக இன்சுலின் சுரந்து, கொழுத்துப் பருக்கிறது. பேறு கடினமாகலாம். பிறந்த சில மணி நேரத்துள் பிள்ளையின் சீனி திடீரென இறங்கவும் கூடும். "பிள்ளை நல்ல கொழுகொழு" என்று மகிழ்வதற்கு முன் இதனை நினைக்க வேண்டும்.

எனினும் பட்டினி இதற்கு மருந்தன்று. சோறு, மா வகைகளை அடியோடு நிறுத்தினால் உடல் தன் கொழுப்பை எரிக்கத் தொடங்கி, கீற்றோன் என்னும் பொருட்கள் குருதியிற் சேர்கின்றன. அவை மிகுவது பிள்ளைக்கு நல்லதல்ல. கர்ப்பிணி ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 175 கிராம் மாப்பொருள் வேண்டும் என்பது போசணை அறிஞர் கணிப்பு. பெரிய தேநீர்க் கோப்பை நிறைந்த சோற்றில் ஏறக்குறைய 45 கிராம் உண்டு. ஆகவே சோறு உண்ணலாம், உண்ணவும் வேண்டும். எவ்வளவு, எப்பொழுது, எதனோடு என்பதே கேள்வி.

எமது வழக்கத்தைப் பாருங்கள். காலையிற் பிட்டு, மத்தியானம் கோப்பை நிறையச் சோறு, இரவில் இடியப்பம், மூன்றும் மாப்பொருளே. கறி ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும். இதைத் தலைகீழாக்க வேண்டும். கோப்பையிற் பாதி கீரையும் மரக்கறியும், காற்பங்கு மீன், முட்டை, பயறு, பருப்பு, மீதிக் காற்பங்கு சோறு. வல்லாரைச் சம்பலும் முருங்கையிலைச் சுண்டலும் சூடைமீன் குழம்பும் விலையுயர்ந்த பத்தியமல்ல. கொல்லையிலும் சந்தையிலும் கிடைப்பவையே. தீட்டாத சிவப்பரிசி வெள்ளையரிசியிலும் நல்லது. ஆனால் குரக்கன் பிட்டென்றால் எவ்வளவும் தின்னலாம் என்ற எண்ணம் நம்மவரிடையே பரவலாக உண்டு. அது தவறு. குரக்கனும் மாப்பொருள்தான், அதற்கும் அளவு வேண்டும். பனங்கட்டியும் அவ்வாறே. பனை எமது மண்ணின் செல்வம் என்பதில் எமக்கும் பெருமைதான். ஆயினும் குருதியிற் கலந்தபின் பனங்கட்டியும் சீனியே, தேனும் சீனியே.

காலை வேளையில் உடல் சீனியைத் தாங்குவது மிகக் குறைவு. ஆதலால் காலை உணவிற் பிட்டோ இடியப்பமோ சிறிதாகவும், அவித்த முட்டையோ கடலையோ கூடுதலாகவும் இருக்கட்டும். மூன்று பெருஞ் சாப்பாடுகளைச் சிறிதாக்கி, இடையிடையே அவித்த பயறு, சீனியில்லாத தயிர், ஒரு சிறு கொய்யாப்பழம் என இரண்டு மூன்று முறை கொறிக்கலாம். படுக்குமுன் சிறிது உண்பது இராப்பட்டினியைத் தவிர்க்கும். பழச்சாறும் சோடாவும் வேண்டாம். வைத்தியர் தடுக்காவிடில், சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிடம் முற்றத்தில் நடப்பது பெரும் பயன் தரும்.

இவை ஒரு பெண்ணின் கோப்பைக்கு மட்டும் என்றால் நடவாது. வீட்டார் சீனித் தேநீரும் பணிசும் முன்னால் வைத்துக்கொண்டு, அவளை மட்டும் பார்த்திருக்கச் சொல்வது நியாயமன்று. கணவரும் மாமியாரும் அதே கறியை உண்ணட்டும். அவர்களுக்கும் அது கெடுதி செய்யாது.

இனி, ஒருசந்தி. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பில் 1252ஆம் சட்டம் வயதெல்லையை மட்டுமே குறிப்பிடுகிறது. ஆயினும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஒருசந்திக் கடமையினின்று நீங்கியவர்கள் என்பது ஒழுக்கவியலாரின் நெடுங்காலப் போதனை. பெரிய வெள்ளிக்கும் அது பொருந்தும். நற்கருணைக்கு முந்திய ஒரு மணி நேர உபவாசம்கூட நோயாளரைக் கட்டுப்படுத்தாது என 919ஆம் சட்டம் கூறுகிறது. ஆகவே உரிய நேரத்திற் சாப்பிட்டுவிட்டு நற்கருணை வாங்கப் பயப்பட வேண்டாம். அந்தத் தாய்க்கு நாம் அன்று உறுதியாகச் சொன்னது இதனைத்தான்: காலைச் சாப்பாட்டை மீண்டும் தொடங்குங்கள், இந்தக் கிழமையே கிளினிக்கிற் காட்டி உங்களுக்குரிய அளவைக் கேளுங்கள்.

வெறுவயிற்றில் 95க்குக் கீழும், சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் 140க்குக் கீழும், இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழும் சீனி நிற்பதே பொதுவான இலக்கு. பத்துப்பேரில் ஏழெட்டுப் பேருக்கு உணவும் நடையும் போதும். மற்றவர்க்கு ஓரிரு கிழமைகளில் வைத்தியர் மருந்தோ இன்சுலினோ தொடங்குவார். ஊசி என்றதும் சிலர் அழுவதைக் கண்டிருக்கிறோம். அது சரியாகப் பத்தியம் இருக்காததற்குத் தண்டனையன்று. இளங்கொடியின் ஓமோன் வலுத்துவிட்டது என்பதே பொருள்.

பிள்ளை பிறந்ததும் பெரும்பாலும் சீனி தானே இறங்கிவிடும். அத்தோடு கிளினிக் அட்டையைப் பெட்டியுள் வைத்துவிடாதீர்கள். இவ்வாறு வந்தவர்களுக்குப் பின்னாளில் நிலையான சலரோகம் வரும் ஆபத்து மற்றவரிலும் பல மடங்கு. பேறு முடிந்து ஆறு முதல் பன்னிரண்டு கிழமைக்குள் ஒருமுறையும், அதன்பின் ஒன்று தொடக்கம் மூன்று ஆண்டுக்கொருமுறையும் குருதியைச் சோதிக்க வேண்டும். பிள்ளைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே, தாயின் சோதனைக்கு எப்போது வரவேண்டும் என்று மருத்துவ மாதுவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.