மூன்று சகோதரிகளில் இளையவர்

கேள்வி: கேம்பிரிட்ஜில் உள்ள கிளேர் கல்லூரியை வளர்த்த எலிசபெத் டி பர்க் அரச குடும்பத்தவரா?

பதில்: தாய் வழியில் ஆம். முதலாம் எட்வர்டு மன்னரின் மகள் ஜோனுக்கும் குளோஸ்டர் பிரபு கில்பர்ட் டி கிளேருக்கும் 1295-இல் பிறந்தவர். அண்ணன் 1314-இல் பானக்பர்ன் போரில் வாரிசின்றி மாண்டார். மகன் இருந்தால் மூத்தவனுக்கே நிலம், பெண்கள் மட்டுமே என்றால் சமபங்கு என்பது அன்றைய இங்கிலாந்துச் சட்டம். அதனால் கிளேர் குடும்பத்தின் பெருஞ்சொத்து எலினார், மார்கரெட், எலிசபெத் என்ற மூன்று சகோதரிகளுக்கும் பிரிந்தது.

பங்கோடு பகையும் வந்தது. எலினாரின் கணவர் ஹியூ டெஸ்பென்சர், அப்போதைய மன்னரிடம் தமக்கிருந்த செல்வாக்கைக் கொண்டு மைத்துனியின் வேல்ஸ் நிலங்களையே பறித்தார். எவ்வளவு கொடுமை! 26 வயதுக்குள் மூன்று கணவர்களை இழந்திருந்த எலிசபெத் அசரவில்லை. டெஸ்பென்சர் வீழ்ந்தபின் நிலங்களை மீட்டார். மறுமணமின்றி 1360 வரை தாமே நிர்வகித்தார். நொடித்துக் கிடந்த கல்லூரியை 1338-இல் ஆதரித்ததும் அந்த வருமானத்தில்தான்.

மகன் வில்லியம் 1333-இல் அயர்லாந்தில் கொல்லப்பட்டார். அவருடைய ஒரே மகளை மூன்றாம் எட்வர்டின் மகன் லயனல் மணந்தார். பின்னாளில் யார்க் குடும்பத்தார் அரியணைக்கு உரிமை கோரியது இந்த வழியைக் காட்டித்தான். 1461-இல் மன்னரான நான்காம் எட்வர்டு எலிசபெத்தின் நேர் வாரிசு.